வரைபடத்தில் ஆறு அங்குலம் கூட்டினோம்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் ஓட்ட நானும் அண்ணனும் ஒரு ஆஃப்ரோடு கார்ட், அதாவது மண்ணில் ஓட்டுகிற சின்ன நாலு சக்கர வண்டி, கட்டிக்கொண்டிருக்கிறோம். சாலைக்குப் போகும் வண்டி இல்லை, இதைப் பதிவு செய்ய முடியாது, தோப்புக்குள் மட்டும்தான். வரைபடம் அமெரிக்காவில் போட்டது, எல்லாம் அங்குலக் கணக்கு. அதில் சொன்ன இன்ஜின் நம்மூரில் தண்ணீர் பம்பிலும் ஜெனரேட்டரிலும் பார்க்கிற 196 சிசி ஹோண்டா ஜிஎக்ஸ்200 ரகம். வரைபடத்தை அப்படியே செய்திருந்தால் இந்நேரம் ஓட்டியிருப்போம். ஆனால் அண்ணன் ஆறடி, கையில் இருந்ததோ பழைய 100 சிசி பைக் இன்ஜின்.

பைப் வாங்குவதற்கு முன்னால் தேங்காய்க் களத்தில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து பார்த்தோம். நாங்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான். சீட் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று செங்கல்லை அடுக்கி அண்ணனை உட்காரவைத்தேன். காலை நீட்டினால் பாதம் முன் பைப்பைத் தாண்டிப் போகிறது, மடக்கினால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிறது. சரி, நீளத்தை ஆறு அங்குலம் கூட்டிவிடலாம் என்று கோட்டை அழித்து மாற்றினோம்.

அங்கேதான் ஒன்றை விட்டுவிட்டேன். முன்சக்கரம் திரும்புகிற கிங்பின்னிலிருந்து, சக்கரத்தைத் திருப்புகிற கையான ஸ்டீயரிங் ஆர்மின் நுனி வழியாக ஒரு கோடு இழுத்தால், இரண்டு பக்கத்துக் கோடும் பின் ஆக்ஸிலின் நடுவில் போய்ச் சேரவேண்டும்; அப்போதுதான் திருப்பத்தில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட வேண்டிய அளவு கூடுதலாகத் திரும்பும். கொத்தனார் நூலைக் கட்டிப் பார்த்தபோது இரண்டு நூலும் ஆக்ஸிலுக்கு ஆறு அங்குலம் முன்னாலேயே சந்தித்துவிட்டன. கோண வித்தியாசம் ஒன்றரை டிகிரிக்குள்தான், மண்ணில் பெரிதாகத் தெரியாது என்று விட்டிருக்கலாம். விட மனசு வரவில்லை, டேக் (தற்காலிகமாக வைக்கும் பொட்டு வெல்டிங்) மட்டும் வைத்திருந்த ஆர்மை வெட்டித் திருப்பி ஒட்டினேன். நீளம் கூடியதில் வண்டி வளைகிற வட்டமும் பெரிதாகிவிட்டது, அதற்கு இதில் மருந்தில்லை.

பைப் விஷயத்தில் ஒன்று சொல்லியாகவேண்டும். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் எங்கும் கிடைக்கிறது என்று அதில் வெல்டிங் வைக்காதீர்கள், துத்தநாகப் புகையை இழுத்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும். நாங்கள் கறுப்பு பைப் 2 மில்லிமீட்டர் கனத்தில் எடுத்தோம், தலைக்கு மேல் வரும் ரோல் கேஜுக்கு மட்டும் சீம்லெஸ், அதாவது நீளவாக்கில் ஒட்டு இல்லாத பைப்.

அடுத்து இன்ஜின். பைக் இன்ஜினைப் பின்னால் வைத்து, செயின் மாட்டி, தோப்புக்குள் இரண்டு சுற்று அருமையாகப் போனது. கால் மணி நேரத்தில் இழுவை குறைந்து, கிட்டப் போனாலே அனல் அடித்தது. பைக்கில் அந்த இன்ஜின் எதிர்க்காற்றில் ஆறும். இங்கே சீட்டுக்குப் பின்னால், அதுவும் பத்து பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில், காற்று எங்கிருந்து வரும்? ஜிஎக்ஸ்200-இல் ஃப்ளைவீலிலேயே விசிறி உண்டு, வண்டி நின்றாலும் ஆறிக்கொண்டிருக்கும். அதனால்தான் வரைபடத்தில் காற்றுக்கு என்று ஒரு கோடுகூட இல்லை. இன்ஜினை மாற்றியவன் நான், அதை யோசித்திருக்கவேண்டியவனும் நான்தான்.

அப்புறம் விசிறி வைத்த கியர்லெஸ் ஸ்கூட்டர் இன்ஜின் ஒன்று பழைய வண்டியிலிருந்து கிடைத்தது. கிளட்ச் பெடல், கியர் ராட் எல்லாம் வரைபடத்திலிருந்தே போய்விட்டன, அது பெரிய நிம்மதி. ஸ்கூட்டரில் இன்ஜினே சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும். இங்கே ஆடினால் செயின் ஒருசமயம் இறுகும், ஒருசமயம் தளரும், அதனால் ஃப்ரேமோடு இறுக்கிக் கட்டிவிட்டோம். சக்கரம் மாட்டுகிற ஸ்ப்ளைனுக்கு (பல் வெட்டிய தண்டு) லேத்தில் ஒரு ஹப் கடைந்து, செயின் ஓடும் ஸ்பிராக்கெட் போட்டோம். எங்கள் சக்கரம் ஆட்டோவின் 4.00-8 டயர், சுமார் 41 சென்டிமீட்டர் உயரம். ஸ்கூட்டர் சக்கரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே கணக்கு சுலபம்: ஆக்ஸில் பக்கம் இரண்டு மடங்கு பல் வைத்தால் வேகம் பாதி, இழுவை இரண்டு மடங்கு. தோப்புக்கு நாற்பது கிலோமீட்டர் வேகமே தாராளம்.

லேத் அண்ணன் ஹப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "டிரம் பிரேக் இதுலயே வருதுங்களே தம்பி, அப்புறம் ஆக்ஸில்ல டிஸ்க் எதுக்குங்க?" என்றார். வேலையும் காசும் மிச்சம்தான். ஆனால் அந்த பிரேக் செயினுக்கு முன்னால் இருக்கிறது. செயின் அறுந்தால் பிரேக் இன்ஜினை மட்டும் பிடிக்கும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். வாய்க்கால் கரைச் சரிவில் அப்படி ஆவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. "செயின் போனா என்னங்கண்ணா பண்றது?" என்றதும் அவரே டிஸ்க்குக்கு அளவெடுக்க ஆரம்பித்துவிட்டார்.

இப்போது முன்பக்க ஷாக் மிச்சம். பைக்கின் பின் ஷாக்கை, முன்சக்கரத்தை ஃப்ரேமோடு இணைக்கிற ஏ-ஆர்மின் நடுவில் மாட்டியதால் அண்ணன் ஏறினதும் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. நடுவில் மாட்டினால் ஸ்பிரிங்கின் விறைப்பில் கால்வாசிதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். பிராக்கெட்டை வெட்டி, சக்கரத்துப் பக்கமாக இரண்டு அங்குலம் தள்ளி டேக் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணனை உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத்தான் முழு வெல்டிங்.