ஹிர்ஷ் என்ற குடும்பப் பெயரைத் தேடிய அனுபவம்

என் கணவரின் குடும்பப் பெயர் ஹிர்ஷ். தென்மேற்கு ஜெர்மனியில், பாடன் பகுதியின் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த யூதர்கள் அவருடைய முன்னோர். இந்தப் பெயர் குடும்பத்துக்கு எப்போது வந்தது என்று தேடியபோது முதலில் எதிர்ப்பட்டவை, பெயர் விளக்கத்தையும் குலச்சின்னத்தையும் படச்சட்டத்தில் போட்டு விற்கும் இணையக் கடைகள்தாம். அவற்றால் காசுக்குத்தான் கேடு. பதிவேடுகளில் இறங்குவதே வழி.

ஹிர்ஷ் என்றால் மான். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது மான் சின்னம் மாட்டிய விடுதியாலோ வீட்டாலோ, சில இடங்களில் பட்டப்பெயராகவோ வந்தது. யூதர்களிடையே இது முதலில் ஆண்களுக்கு இடும் பெயராக இருந்தது. பைபிளின் ஆதியாகமத்தில் யாக்கோபு தன் மகன் நப்தலியைப் பெண்மானாகச் சொல்லி வாழ்த்துவதால், நப்தலி, ஸ்வி (இதற்கும் மான் என்றே பொருள்) என்ற எபிரேயப் பெயர்களைக் கொண்டவர்களை வீட்டிலும் சந்தையிலும் ஹிர்ஷ் என்றே அழைத்தார்கள்.

ஜெர்மனியில் பிறப்புப் பதிவேடுகள் 110 ஆண்டுகளுக்குப் பொதுப் பார்வைக்குக் கிடைக்காது. நேரடி வாரிசுகள் உறவை ஆவணங்களால் நிறுவினால் முன்பே நகல் பெறலாம். அவ்வாறு வந்த, கணவருடைய தாத்தாவின் பிறப்புப் பதிவில், 1938ஆம் ஆண்டின் நாஜி ஆணைப்படி, யூதர் என்று காட்ட அவர் பெயருடன் ‘இஸ்ரேல்’ சேர்க்கப்பட்டதை அறிவிக்கும் ஓரக்குறிப்பும், போருக்குப் பின் அதை நீக்கிய இன்னொரு குறிப்பும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. இரண்டிலும் அலுவலக நடை ஒன்றுபோலவே நிதானமாக இருந்ததுதான் என்னை உறுத்தியது.

பாடனில் 1870க்கு முன் அரசுக்காகப் பிறப்பு, திருமணம், இறப்புகளைப் பதிந்தவர்கள் கிறிஸ்தவப் போதகர்கள். யூதர்களின் பதிவுகளும் அவர்கள் கையில்தான் இருந்தன. அவற்றின் இரண்டாம் படிகளைக் கார்ல்ஸ்ரூ ஆவணக்காப்பகம் இணையத்தில் வைத்திருப்பதால் வீட்டிலிருந்தே படிக்க முடிந்தது. ஆனால் e, n என்ற எழுத்துகள் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும் குர்ரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து முறைக்குக் கண் பழக வேண்டும். அதே ஊரில், அதே போதகரின் கையெழுத்தில், புராட்டஸ்டன்ட் ஹிர்ஷ்களும் இருந்தார்கள். இரு குடும்பங்களுக்கும் இரத்த உறவு எதுவும் இல்லை.

விடை கிடைத்தது 1809ஆம் ஆண்டின் பெயர்ப் பட்டியலில். அதுவரை தந்தையின் பெயரே இரண்டாம் பெயராக நின்றது; ஹிர்ஷின் மகன் யாக்கோப் ஹிர்ஷ், அவருடைய மகன் மோசஸ் யாக்கோப். அவ்வாண்டு பாடன் அரசு, யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டபோது, எங்கள் முன்னோரான யாக்கோப், தந்தையின் பெயரான ஹிர்ஷையே நிலைநிறுத்திக்கொண்டார். அவருடைய உடன்பிறந்த தம்பியோ அருகிலுள்ள புரூக்ஸால் நகரின் பெயரால் புரூக்ஸலர் ஆனார். ஆக, உறவே இல்லாதவர்களுக்கு ஒரே பெயர். ஒரு தாய் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள்.

1809க்கு முந்தைய தலைமுறைகளைக் குடும்பப் பெயரைக்கொண்டு தேடிப் பயனில்லை. ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு, குடியிருக்கும் அனுமதிக்காக யூதர்கள் ஆட்சியாளருக்குச் செலுத்திய பாதுகாப்பு வரியின் கணக்குகளைப் புரட்ட வேண்டும். இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.