வினைச்சொல் முந்த வேண்டும்

வானொலியில் ஆட்டத்தை வர்ணிக்கும் விளையாட்டு அறிவிப்பாளருக்கு முதல் எதிரி தமிழ் இலக்கணம். "மூன்று பேரைக் கடந்து வந்த ஏழாம் இலக்க வீரர் இடது காலால் அடித்த பந்து..." என்று வாக்கியம் அழகாக நீளும். வினை வந்து சேர்வதற்குள் கோல் காப்பாளர் பந்தைப் பிடித்து, திரும்ப உதைத்தும் விட்டிருப்பார். பத்திரிகைக்கு அது நல்ல தமிழ். உதைபந்தாட்ட வர்ணனைக்கு ஆகாது. பழகியவர்கள் உடைத்துப் பேசுவார்கள்: "வலப்பக்கம் ஏழு. வெட்டினார். உள்ளே வந்தார். அடி!" துடுப்பாட்டத்தில் இந்த அவசரம் இல்லை. ஒரு பந்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பெயரெச்சங்களை அடுக்கலாம், வானத்தைப் பற்றியும் பேசலாம்.

அடுத்தது, பந்து எங்கே என்பது. 1927 ஜனவரி 22 அன்று ஆர்சனல் - ஷெஃபீல்ட் யுனைட்டட் ஆட்டத்தை பிபிசி ஒலிபரப்பியபோது, மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்த படத்தை முன்கூட்டியே அச்சிட்டிருந்தார்கள். வர்ணனையின் ஊடே இன்னொரு குரல் கட்டத்தின் எண்ணைச் சொல்லும். நம் நேயர் கையில் படம் கிடையாது. அவருக்கு ஊர்தான் படம். ஆனால் திருகோணமலையில் "கடல் பக்கக் கோல்" என்றால் எந்தக் கடல் என்று கேட்பார்கள். நகரத்துக்குக் கிழக்கே குடாக்கடல், மேற்கே உள்துறைமுகம். கோட்டைப் பக்கம், துறைமுகப் பக்கம் என்று அந்த மைதானத்துக்குப் பொருந்தும் அடையாளத்தைத் தொடக்கத்திலேயே சொல்லி, இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறியதையும் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் அடிக்கடி மறக்கிறார்கள்.

இருக்கை மேற்குப் பக்கம், நடுக்கோட்டுக்கு நேரே, கொஞ்சம் உயரத்தில். பின்னேர வெயில் முதுகில் விழும். சீருடை இலக்கம் கண் கூசாமல் தெரியும். மே முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்கும் உடம்பே மறைப்பாகிவிடும். கடற்காற்று எதிரே திரும்பும் நாளில் ஸ்பொஞ்ச் உறை இல்லாவிட்டால், வானொலியில் தகரக் கூரை பறப்பதுபோலக் கேட்கும். ஒலிவாங்கியை வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, சற்றுச் சாய்த்துப் பிடித்தால், பகரம் சொல்லும்போது மூச்சு மோதி ஒலி வெடிக்காது.

ஒலி அளவு பார்க்கும்போது பலரும் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று கோயிலுக்குள் நிற்கும் குரலில் எண்ணுவார்கள். கோல் விழும்போது போடும் சத்தத்தைப் போட்டுக் காட்டினால்தான் ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகையில் இருப்பவர் அதற்கு இடம் விட்டு அளவை வைப்பார். இல்லையேல் எல்லோரும் காத்திருந்த அந்த ஐந்து விநாடிதான் கரகரத்துப் போகும். ஹெட்போனில் வரும் நிலைய ஒலியில் நமது குரலை நீக்கித் தரச் சொல்லவும் வேண்டும். சொன்னது சற்றுத் தாமதித்துக் காதுக்குத் திரும்பினால் எந்த நாவும் தடுமாறும்.

பெயர்ப்பட்டியலை வாங்கினால் போதாது. அணி முகாமையாளரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பெயர்கள் கலந்திருக்கும். குறில் நெடிலானால், வீட்டில் கேட்கும் தாய்க்கு அது வேறு வீட்டுப் பிள்ளை. அட்டையில் பென்சிலால் எழுதுவது நல்லது. பேனா மை வியர்வைக்குக் கரையும்.

கூட்டத்தின் ஆரவாரம் நம் சொல்லுக்கு முன்னே ஒலிபரப்பில் போய்விடும். அதற்காக "கோல்" என்று முந்தக் கூடாது. "பந்து வலைக்குள்" என்றால் பிழையாகாது. மத்தியஸ்தரின் கை நடுவட்டத்தைக் காட்டுகிறதா, துணை மத்தியஸ்தர் கொடியை உயர்த்தாமல் நடுக்கோட்டை நோக்கி ஓடுகிறாரா என்று பார்த்த பிறகே "கோல்". பிறகு யார், எப்படி, எத்தனையாவது நிமிடம்.

கோல் எண்ணிக்கையைப் போதும் போதும் என்று தோன்றும்வரை சொல்ல வேண்டும். அமெரிக்க பேஸ்போல் வர்ணனையாளர் ரெட் பார்பர் மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றை வைத்திருந்தார். மணல் இறங்கி முடிந்தால் எண்ணிக்கையைச் சொல்லும் நேரம். ஆட்டம் பாதியில் ரேடியோவைத் திருகும் முச்சக்கர வண்டிக்காரருக்கு முதலில் வேண்டியது அதுதான்.

பிழைப்பாகப் பார்த்தால் இது பெரும்பாலும் பகுதிநேர வேலை, நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று. சனி, ஞாயிறு மைதானத்தில் போகும். தொண்டைக்கு ஐஸ் தண்ணீர் ஆகாது; இளஞ்சூட்டுத் தண்ணீர் போத்தல் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். இடைவேளையின் 15 நிமிடமும் வாய்மூடி இருப்பதுதான் உண்மையான மருந்து. விளம்பரம் குறைவான நாளில் அந்த 15 நிமிடத்தையும் பேசி நிரப்பச் சொல்வார்கள்.