தட்டான் இறக்கையின் வெள்ளைக் கோடு ஒருவழியாக ஒழிந்தது

நான் எடுத்த தட்டான் படத்தைக் கணினியில் ஷார்ப்பன் செய்தால், அதாவது கூர்மையாக்கினால் போதும், இறக்கையைச் சுற்றி சாக்பீஸால் இழுத்தது போல ஒரு வெள்ளைக் கோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த ஹேலோவை ஒருவழியாக ஒழித்துவிட்டேன். முழுசாகவா என்றால், இறக்கையில் முழுசாக. கண் பகுதியில் இன்னும் ஒரு சிக்கல் பாக்கி, அதைப் பின்னால் சொல்கிறேன்.

படம் மேக்ரோ, அதாவது மிக நெருங்கி எடுத்தது. பின்னணி ஒரே பச்சை, வழவழவென்று, துளி விவரம் கிடையாது. ஷார்ப்பன் செய்ய இதைவிடத் தொல்லை பிடித்த படம் வேண்டாம். புல், மணல், சருகு என்று கசகசவென்ற பின்னணியாக இருந்தால் ஹேலோ எவ்வளவு தடிமனாக விழுந்தாலும் அதற்குள் மறைந்துபோகும், இங்கே ஒரு பிக்சல் அகலத்துக்கு வந்தாலே உறுத்துகிறது. சரி, ஷார்ப்பனே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்றால் அதுவும் முடியாது. 1:1 உருப்பெருக்கத்தில் (பூச்சியின் அசல் அளவே சென்சாரில் விழும்படி) எஃப்/11 வைத்து எடுத்தது, அந்த நெருக்கத்தில் அது நடைமுறையில் எஃப்/22 கணக்கு. இந்த எண் ஏற ஏற லென்ஸின் துளை சிறுத்து ஒளி வளைந்து பரவும், அந்த டிஃப்ராக்‌ஷனால் படம் முழுக்க லேசாக மழுங்கித்தான் இருக்கிறது.

கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் அன்ஷார்ப் மாஸ்க் என்ற ஷார்ப்பன் கருவியைத் திறந்து ரேடியஸை, அதாவது ஓரத்திலிருந்து எத்தனை பிக்சல் தூரம் அது தொடும் என்ற அளவை, குறைப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. 0.6க்கு இறக்கினால் கோடு போகும், கூடவே இறக்கை நரம்புகளின் அழுத்தமும் போகும். த்ரெஷோல்டை ஏற்றினால் நிலைமை இன்னும் மோசம். அந்த ஸ்லைடர் சின்ன வித்தியாசங்களை விட்டுவிட்டுப் பெரிய வித்தியாசங்களை மட்டும்தான் தொடும். பச்சைக்கு எதிரே கருப்பு ஓரம் என்பது படத்திலேயே பெரிய வித்தியாசம், அதனால் அதற்கு ஒன்றும் ஆகாது. முதலில் காணாமல் போவது உள்ளே இருக்கும் மெல்லிய நரம்புகள், அதாவது நான் காப்பாற்ற நினைத்தவை.

அப்புறம் எட்ஜ் மாஸ்க், அதாவது ஓரங்களில் மட்டும் ஷார்ப்பனை விடும் மறைப்பு. இதைப் பற்றி ஆளாளுக்கு ஆஹா ஓஹோ என்கிறார்கள். லேயரை நகலெடு, நிறத்தை நீக்கு, எட்ஜ் டிடெக்ட் ஓட்டு, கொஞ்சம் மங்கலாக்கு, லெவல்ஸில் இழு, மாஸ்க்காக ஒட்டு. எல்லாம் செய்தாயிற்று. பின்னணியின் நாய்ஸ் (புள்ளி புள்ளியான இரைச்சல்) சுத்தமாக அடங்கியது, அதற்கு இது நல்ல முறைதான், மறுக்கவில்லை. ஆனால் ஹேலோ அப்படியே நின்றது, நிற்காமல் என்ன செய்யும்? மாஸ்க் எங்கே வெள்ளையாக இருக்கிறதோ அங்கேதான் ஷார்ப்பன் முழு வேகத்தில் இறங்குகிறது, ஹேலோ விழுகிற இடமும் அதே ஓரம்தான். ஹேலோவுக்கு மருந்தாக எட்ஜ் மாஸ்க்கைச் சொல்கிறவர்கள் வழவழப்பான பின்னணியில் ஒரு தடவையாவது முயன்று பார்த்தார்களா என்பது என் சந்தேகம்.

கணக்கைப் பார்த்தால் விஷயம் எளிது. மங்கலாக்கிய நகலை அசலிலிருந்து கழித்து, வரும் வித்தியாசத்தை அமவுண்ட் என்ற அளவால் பெருக்கி, மறுபடி அசலோடு கூட்டுவதுதான் அன்ஷார்ப் மாஸ்க். ஓரத்தின் இருண்ட பக்கம் இன்னும் இருளும், வெளிச்சப் பக்கம் இன்னும் வெளுக்கும். கூர்மையாகத் தெரிவதே அதனால்தான், ஆக ஹேலோவை ஒரேயடியாக நீக்கினால் ஷார்ப்னஸும் கூடவே போய்விடும். ஆனால் இந்த இரண்டு பக்கமும் கண்ணை ஒரே அளவில் உறுத்துவதில்லை. இருண்ட கோடு இறக்கையின் கருப்போடு கலந்துவிடுகிறது, பச்சை மேல் விழும் வெள்ளைக் கோடுதான் பளிச்சென்று காட்டிக்கொடுக்கிறது. அப்படியென்றால் இரண்டையும் பிரித்து, வெள்ளையை மட்டும் குறைத்தால்?

செய்தது இதுதான். ரேடியஸ் 0.8, அமவுண்ட் 1.2 வைத்து ஷார்ப்பன் செய்த லேயரை நகலெடுத்து, அசலுக்கு மேலே இரண்டாக அடுக்கினேன். கீழே இருப்பதற்கு லேயர் மோட் டார்க்கன் ஒன்லி, ஒபாசிட்டி (லேயர் எவ்வளவு அழுத்தமாகப் படியும் என்பது) 100. மேலே இருப்பதற்கு லைட்டன் ஒன்லி, ஒபாசிட்டி 30. முதலாவது இருள்கிற பிக்சலை மட்டும் எடுத்துக்கொள்ளும், இரண்டாவது வெளுக்கிற பிக்சலை 30 சதவீதத்துக்கு மட்டும் உள்ளே விடும். சாதாரண டார்க்கன், லைட்டன் இரண்டும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக ஒப்பிடுவதால் ஓரத்தில் சில இடங்களில் ஊதா கசிந்தது. லேயர் மோட் பட்டியலில் லூமா என்று தொடங்கும் இரண்டு இருக்கின்றன, அதற்கு மாற்றியதும் கசிவு நின்றது. 100 சதவீத ஜூமில் இறக்கை நுனியருகே இருக்கும் அந்தக் கரும்பொட்டைப் பார்த்தேன். ஓரம் கத்தியாக நிற்கிறது, அதை ஒட்டிய பச்சை பச்சையாகவே இருக்கிறது. கால் முட்களைக்கூட ஒவ்வொன்றாக எண்ணலாம். கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், தப்பில்லை.

ஒன்று முக்கியம், இதெல்லாம் அளவைக் குறைத்த பிறகு. 6000 பிக்சல் அகலத்தில் 1.5 ரேடியஸ் கொடுத்துவிட்டு 2048க்குச் சுருக்கினால் மிஞ்சுவது அரை பிக்சல்தான். சுருக்கும் முறையையும் கவனிக்க வேண்டும், லாங்க்சோஸ் போன்ற கணக்கு முறைகள் சுருக்கும்போதே ஓரத்தில் மெல்லிய ஹேலோவைக் கொண்டுவரும். கிம்ப்பில் லோஹேலோ என்றே ஒன்று இருக்கிறது, நான் அதோடு நின்றுவிட்டேன்.

பிரிண்ட் போடுகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இவ்வளவு பாடுபட்டு அனுப்பினால், அவர்களுடைய மென்பொருள் தானாக இன்னொரு முறை ஷார்ப்பன் செய்து, ஒழித்த கோட்டை மறுபடி கொண்டுவந்து கொடுத்தது. எந்தத் திருத்தமும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் விடுகிறார்கள். மேட் தாள் மையை உறிஞ்சுவதால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஷார்ப்பன் தேவைப்படும், பளபளப்புத் தாளுக்கு அது வேண்டாம். மேட் தாளுக்கென்று தனி ஃபைல் ஒன்று தயார் செய்ய வேண்டும், இன்னும் தொடங்கவில்லை.

இப்போது கண். டிஃப்ராக்‌ஷன் மழுக்கலுக்காக, ரா ஃபைலைத் திருத்தும் ராதெரபி மென்பொருளின் 5.8 பதிப்பில் வந்த கேப்ச்சர் ஷார்ப்பனிங்கை ரா ஃபைலிலேயே போட்டுவிட்டுத்தான் கிம்ப்புக்கு வருகிறேன். அது ரிச்சர்ட்சன்-லூசி டீகன்வல்யூஷன், அதாவது படம் எப்படி மழுங்கியது என்பதைக் கணித்து அதைத் திருப்பிப் போடும் முறை. வானியல்காரர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்துவது, ஹப்பிள் தொலைநோக்கியின் கண்ணாடிக் குறையை 1993இல் சரிசெய்யும் வரை படங்களைத் தேற்றியதில் இந்த முறைக்கும் பங்குண்டு. படம் முழுக்க ஒரே சீராக மழுங்கியிருந்தால் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் தட்டானின் கூட்டுக்கண்ணில், நிழல் பக்கம் நாய்ஸ் இருக்கும் இடத்தில், அந்தச் சின்னஞ்சிறு அறுகோணங்களோடு இல்லாத கோடுகளையும் சேர்த்து உருவாக்கிவிடுகிறது. இடரேஷனை, அதாவது அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டும் எண்ணிக்கையைக் குறைத்தால் அறுகோணங்கள் மங்குகின்றன, ஏற்றினால் பொய்க்கோடுகள் முளைக்கின்றன, நடுவில் ஒரு நல்ல எண் இருப்பதாகத் தெரியவில்லை.

அடுத்து வேவ்லெட் டீகம்போஸ், அதாவது படத்தை நுண்ணிய விவரம் முதல் பெரிய விவரம் வரை தனித்தனி லேயர்களாகப் (ஸ்கேல்) பிரிப்பது. முதல் ஸ்கேலில்தான் நாய்ஸ் அதிகம் என்பதால் அதைத் தொடாமல் இரண்டாவது, மூன்றாவது லேயர்களை மட்டும் நகலெடுத்துப் பார்க்கப்போகிறேன், கண் பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டு. இதற்கு முன்பே கூட்டுக்கண்ணில் ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால் எண்களோடு சொல்லுங்கள். "கொஞ்சமாகப் போடுங்க" என்ற அறிவுரை என்னிடம் ஏற்கனவே நிறைய கிடக்கிறது.