ரூகர் மார்க் 4: வாங்கியதும், அதன்மேல் செலவழித்ததும்

புல்ஸ்ஐ என்று அமெரிக்காவில் நடக்கும் பிஸ்டல் போட்டியில் ஒற்றைக் கையால்தான் சுட வேண்டும். 50 கெஜத்தில் பத்து தோட்டாவுக்குப் பத்து நிமிடம் தருவார்கள். அப்புறம் 25 கெஜத்தில் ஐந்து தோட்டாவுக்கு 20 விநாடி, அதன்பின் ஐந்துக்கு வெறும் 10 விநாடி. இதற்கென்றே பேர்போன ஸ்மித் அண்ட் வெஸன் 41 பிஸ்டலின் விலையைப் பார்த்ததும் நேராக ரூகர் பக்கம் திரும்பிவிட்டேன். மார்க் 4 டார்கெட், .22 லாங் ரைஃபிள் என்கிற சின்னத் தோட்டாவுக்கானது, ஐந்தரை அங்குலக் கனத்த குழல், எடை ஏறக்குறைய ஒரு கிலோ. அந்த 41 வாங்கும் காசுக்கு இதில் இரண்டாவது வாங்கலாம்.

ரூகர் கம்பெனி 1949-இல் கடை விரித்ததே இந்த ரகப் பிஸ்டலை வைத்துத்தான். அன்றைய விலை 37.50 டாலர். அடிப்படை இன்னும் மாறவில்லை: மேல்கூடு அசையாது, உள்ளே உருளையான போல்ட் மட்டும் முன்னும் பின்னும் ஓடும். குழலும் குறிபார்க்கும் முனைகளும் ஒன்றாகவே நிற்பதால் குறி கலைவதில்லை. பழைய மார்க் 2, மார்க் 3-ஐப் பிரித்தால் திரும்பப் பூட்டுவதற்குள் உயிர் போய்விடும். 2016-இல் வந்த மார்க் 4-இல் பின்பக்கம் ஒரு பொத்தான். அழுத்தினால் மேல்பாதி அப்படியே சாய்ந்து கழன்றுவிடும். நான் இதை எடுத்ததற்குப் பாதிக் காரணம் அந்தப் பொத்தான்தான்.

செகண்ட் ஹேண்டில் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. 2017 ஜூனுக்கு முன் செய்தவை சேஃப்டி கோளாறுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. சேஃப்டி லீவர் பாதியில் நிற்கும்போது டிரிகரை இழுத்து, பிறகு லீவரை நகர்த்தினால் வெடிக்கும் வாய்ப்பு இருந்தது. சரிசெய்த துப்பாக்கியா என்று கேட்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

கடையில் 4473 என்கிற கூட்டரசுப் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்தால் கையில் கிடைக்கும். நான் இருப்பது டெக்ஸாஸ். மற்ற மாநிலங்களில் விதிகள் கூடுதலாக இருக்கலாம். நம் ஆட்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: எச்1பி வீசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ பொதுவாகக் கூட்டரசுச் சட்டம் இடம் தருவதில்லை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் இதே கணக்கில்தான் வரும். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை கிடையாது.

முதலில் மாற்றியது தோட்டாவை. மலிவாகக் கிடைக்கும் மொத்த டப்பாவைக் கொண்டு, மணல்மூட்டையில் கையை ஊன்றி 25 கெஜத்தில் சுட்டால் ஓட்டைகள் மூன்று அங்குலத்துக்குச் சிதறின. பிறகு சிசிஐ கம்பெனியின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, குண்டின் எடை 40 கிரெய்ன், வேகம் விநாடிக்கு 1070 அடி: அதே துப்பாக்கி, அதே மணல்மூட்டை, ஒன்றரை அங்குலத்துக்குள் அடங்கியது. ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கிளம்பி, வழியில் அதற்குக் கீழே இறங்கும் தோட்டா தடுமாறும் என்பார்கள். 50 கெஜத்தில் அது உறைக்கலாம். 25-இல் எனக்குக் கிடைத்த வித்தியாசம், தோட்டாவுக்குத் தோட்டா மாறாத தரத்தினால்தான் என்று நினைக்கிறேன். எப்படியோ, ஓர் உதிரிபாகம்கூட மாட்டாமல் சிதறல் பாதியானது.

அடுத்தது டிரிகர். வந்தபடியே இழுத்தால் விடுபடுவதற்கு முன் நறநறவென்று கொஞ்ச தூரம் வரும். அளவுகோலில் 5 பவுண்டை நெருங்கியது. ஐயோவாவிலுள்ள வோல்க்வார்ட்சன் கம்பெனியின் டிரிகரும், சுத்தியைப் பிடித்து நிறுத்தும் சியர் என்கிற துண்டும் வாங்கி, துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துப் போட்டேன். இப்போது இரண்டரை பவுண்டு, கண்ணாடிச் சில்லு ஒடிவதுபோல் விடுபடுகிறது. டிரிகரில் இரண்டு குட்டி ஸ்க்ரூ: ஒன்று விடுபடும் முன் உள்ள ஓட்டத்துக்கு, மற்றது பின் உள்ளதற்கு. முன்னதை அளவுக்கு மீறி முறுக்கினால் சியர் சரியாகப் போய்ப் பிடிக்காது. அதனால் கால் திருப்பு, காலித் துப்பாக்கியில் சோதனை, மறுபடி கால் திருப்பு.

.22-க்குப் போட்டியில் 2 பவுண்டுக்குக் குறையக் கூடாது. சோதிக்கும் முறை பார்க்கவே சுவாரசியம். சேம்பர் (தோட்டா உட்காரும் குழி) காலி என்று காட்டி, சுத்தியை ஏற்றி, குழலை மேல்நோக்கிப் பிடிப்பார்கள். எடைக்கல்லின் கொக்கியை டிரிகரில் மாட்டி மெதுவாகத் தூக்குவார்கள். கல் மேசையை விட்டு எழும்பி அந்தரத்தில் நின்றால் பாஸ். ‘டிக்’ என்றால் துப்பாக்கி பைக்குள் போக வேண்டியதுதான்.

குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் கண்ணாடி பற்றி எனக்கு இரண்டு மனம். 3 எம்ஓஏ (கோணத்தில் சொல்லும் அளவு) புள்ளி 25 கெஜத்தில் முக்கால் அங்குலத்தை மறைக்கும். என்னுடையதில் சரிசெய்யும் திருகை ஒரு கிளிக் திருப்பினால் கால் அங்குலம் நகரும். நாற்பது தாண்டிய கண்ணுக்கு வரப்பிரசாதம், சந்தேகமில்லை. ஆனால் இரும்புக் குறிமுனையில் தெரியாத கை நடுக்கமெல்லாம் அதில் பூதாகாரமாகத் தெரியும். புள்ளி பத்தாம் வளையத்தைத் தொட்ட நொடியில் விரல் வெடுக்கென்று இழுக்கும், தோட்டா ஏழுக்குப் போகும். வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து வைத்த பிறகு கொஞ்சம் அடங்கியது.

மரக் கைப்பிடி ஒன்றும் மாட்டி, உள்ளங்கை மேட்டை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து என் கைக்கு ஏற்றபடி ஆக்கினேன். டிரிகர், ரெட் டாட், கைப்பிடி எல்லாம் கூட்டினால் துப்பாக்கி விலையைத் தொட்டுவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதைதான்.

வீட்டில் தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பழகும் வெற்றுப் பயிற்சிக்கு இந்தத் துப்பாக்கி கொஞ்சம் படுத்தும். தோட்டா அடுக்கும் மேகஸின் உள்ளே இல்லாவிட்டால் சுத்தி விழாது; காலி மேகஸினைப் போட்டுப் போல்ட்டை இழுத்தால் அது திறந்தபடியே நின்றுகொள்ளும். ஒவ்வொரு முறையும் பக்கவாட்டு லீவரைத் தட்டி மூட வேண்டும். சேம்பருக்குள் ஸ்க்ரூவுக்குச் சுவரில் அடிக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் பிளக் ஒன்றைப் போட்டுக்கொள்கிறேன். தோட்டாவைத் தட்டும் ஃபயரிங் பின் அதில் விழும், சேம்பர் விளிம்புக்குச் சேதமில்லை. தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்காது. முடிந்ததும் துப்பாக்கி பூட்டுப் பெட்டிக்குள்.

மெதுவாகச் சுடும் சுற்றில் மதிப்பெண் நன்றாக ஏறியிருக்கிறது. 10 விநாடிச் சுற்றில் அசையவே இல்லை. முதல் தோட்டா எப்போதும் தாமதம், கடைசி இரண்டும் அவசரம். அதற்கு எந்தக் கடையிலும் பாகம் விற்பதாகத் தெரியவில்லை. அடுத்த சம்பளத்தில் ஒரு கேஸ் தோட்டா வாங்குவதாக உத்தேசம்.