கண்டியில் மூணு கருப்பையா

கோத்தகிரி, பந்தலூர்ப் பக்கத்து லயங்களில், அதாவது இலங்கையிலிருந்து திரும்பிவந்த தேயிலைத் தோட்டக் குடும்பங்களின் வரிசை வீடுகளில், யாருக்கும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது தாத்தாவைத் தேடத் தோன்றாது. சாதிச் சான்றிதழுக்கு எழுதிப்போட்ட பிறகு, ‘பூர்வீகம் எது?’ என்று ஒரு கேள்வி வரும். பேரன் அம்மாவைப் பார்ப்பான், அம்மா அத்தையைப் பார்ப்பார், அத்தை கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே “திருச்சி ஜில்லா” என்பார். முடிந்தது. அத்தை சொல்லும் திருச்சி ஜில்லாவுக்குள் இன்றைய பெரம்பலூர், அரியலூர், கரூர் எல்லாம் அடக்கம். 1948இல் சமஸ்தானம் சேர்ந்ததிலிருந்து 1974 வரைக்கும் புதுக்கோட்டையும் அதில் இருந்தது. ஒரு வார்த்தையில் நாலைந்து மாவட்டத்தைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டு அத்தை வெங்காயம் உரிக்கப் போய்விடுவார்.

பேரன் நேராகத் தாலுகா ஆபீசுக்கு ஓடுவான். ஓடக் கூடாது. முதல் ஆபீஸ் பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டிதான்.

1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று முடிவாயிற்று. யாருக்கு என்று முடிவாகாமல் நின்ற ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இப்படி வந்து சேர்ந்தவர்களுக்காகத்தான் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் போட்டார்கள். அதுதான் இன்றைய டேன்டீ. ஆகவே அந்தப் பெட்டியில் கண்டியில் கொடுத்த இந்தியப் பாஸ்போர்ட், தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை, இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தோட்டத்து வேலைக் காகிதம், பி.எஃப். சீட்டு என்று ஏதாவது நாலு இருக்கும். மேலே ஒரு கல்யாணப் பத்திரிகையும், காலாவதியான கேஸ் புக்கும், யாருடையது என்றே தெரியாத ஒரு சாவியும் கட்டாயம் கிடக்கும்.

காகிதத்தை நாலாக மடிப்பது நம் பரம்பரைப் பழக்கம். மடிப்பும் மடிப்பும் குறுக்கே வெட்டுகிற நட்டநடுவில் ஓட்டை விழும். ஊர்ப் பெயரை எழுதியவரும் சரியாக அங்கேதான் எழுதியிருப்பார். ‘...ப்பட்டி’ மட்டும் மிஞ்சும். தமிழ்நாட்டில் ‘பட்டி’யில் முடியாத ஊரை எண்ணிவிடலாம், முடிகிற ஊரை எண்ண முடியாது. அதனால் காகிதத்தைச் சட்டென்று பிரிக்கக் கூடாது. கூடலூரில் ஆடி மழை, கோத்தகிரியில் ஐப்பசி மழை, ரெண்டிலும் ஈரம் ஏறிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெயில் காய்கிற நாளாகப் பார்த்து, நிழலில் வெள்ளைத்தாள் மேல் ஒரு மணி நேரம் போட்டுவைத்துவிட்டு ஓரத்திலிருந்து பிரிக்க வேண்டும். அடுப்பு மேலே காட்டுவது, இஸ்திரிப் பெட்டி வைப்பது, ‘பத்திரமா இருக்கட்டும்’ என்று லேமினேஷன் போடுவது மூன்றுமே காகிதத்துக்குச் செய்கிற காரியம்தான், கருமாதிக் காரியம். லேமினேஷன் போட்டால் பின்பக்கத்து முத்திரை மங்கும், பிற்பாடு பிரிக்கவும் முடியாது. மங்கின எழுத்தைப் படிக்க ஒரு வழி உண்டு. பக்கவாட்டில் சாய்வாக டார்ச் அடித்துப் போனில் படம் எடுத்தால், பேனா அழுத்தின பள்ளம் நிழல் கட்டித் தெரியும்.

அடுத்தது பெயர். தாத்தா பெயர் பேச்சுக்குக் கருப்பையா என்று வைத்துக்கொள்வோம். இங்கே வருவது ‘கருப்பையா’. இலங்கையில் தமிழில் எழுதினவர் வல்லின ‘ற’ போட்டுக் ‘கறுப்பையா’ ஆக்கியிருப்பார். ஆங்கிலத்தில் எழுதினவர் ஒருத்தர் ‘கே’யில் ஆரம்பிப்பார், இன்னொருத்தர் ‘சி’யில். அகரவரிசைப்படி பெயர்ப்பட்டியல் பார்க்கிறவர் கே-யில் மட்டும் பார்த்துவிட்டு “இல்லைங்க” என்றால், “சி-யையும் ஒரு தடவை பாருங்கண்ணே” என்று கேட்கத் தெரிய வேண்டும். தோட்டத்து ஆள்வரவுப் பதிவேடான செக்ரோலில் கணக்கப்பிள்ளை சுருக்கமாகக் ‘கருப்பன்’ என்று முடித்திருப்பார். அவருக்கு நாள் முழுக்க இருநூறு பேரைப் பேர் பதிய வேண்டியிருந்தது, பாவம்.

இதைவிடப் பெரிய சிக்கல் இனிஷியல். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பன் பெயரின் முதலெழுத்துதான் முன்னால் நிற்கும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கமும் கூடச் சேர்ந்தால் மு. கருப்பையா, அவர் மகன் க. முத்துசாமி, அவர் மகன் மறுபடி மு. கருப்பையா. ஒரே தோட்டம், ஒரே இனிஷியல், நடுவில் ஐம்பது வருஷம். பேரன் தன் தாத்தா என்று நினைத்துத் தாத்தாவுடைய தாத்தாவின் காகிதத்தை நகல் போட்டு மனுவோடு வைப்பான். அதன்படி தாத்தா தொண்ணூற்றெட்டு வயதில் அப்பாவைப் பெற்றிருப்பார். கவுன்ட்டரில் இருக்கிறவர் கண்ணாடியை இறக்கி ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள்! கருப்பையாவைக் கருப்பையாவிடமிருந்து பிரிக்கிற ஒரே கத்தி, மனைவி பெயர். அழகம்மாள் புருஷன் ஒருத்தர், மீனாட்சி புருஷன் இன்னொருத்தர். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் முதலில் பாட்டி பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வயதை நம்பவே வேண்டாம். ‘சுமார் 40’, ‘சுமார் 45’ என்று ஐந்தும் பூஜ்யமுமாகவே இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிறந்த தேதியோ பாதிப் பேருக்கு மே, ஜூன். மாதத்தைக் குறித்தவர் பெற்றவர் இல்லை, ஐந்து வயது நிரம்பினால்தான் சேர்க்க முடியும் என்ற கவலையில் இருந்த ஹெட்மாஸ்டர்.

இலங்கைப் பிறப்புப் பத்திரம் இருந்தால் அதை வெல்லக்கட்டி மாதிரி வைத்துக்கொள்ளலாம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு போட்ட படிவத்தில், பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த வருஷம், இடம் எழுத ஒரு கட்டம் உண்டு, பூட்டனுக்கும் ஒன்று உண்டு. யாரைக் குடிமகன் இல்லை என்று தள்ளலாம் என்பதற்காகப் போட்ட கட்டம். இன்றைக்குப் பேரனுக்கு மூணு தலைமுறையை ஒரே தாளில் தருகிறது. கட்டத்தில் வெறும் கோடு போட்டிருந்தால் இரண்டு அர்த்தம்: பாட்டன் இந்தியாவில் பிறந்தவர், அல்லது எழுதினவருக்குச் சாப்பாட்டு நேரம். பத்திரம் கிழிந்திருந்தால் அங்கிருந்து நகல் வாங்கலாம். பதிவு எண், தேதி, மாவட்டம், பிரிவு இந்த நாலும் வேண்டும். தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஆங்கிலப் பெயர் ஒன்று இருக்கும், நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் சம்பந்தமே இல்லாத இன்னொன்றாக இருக்கும். அத்தை சொல்கிற ‘புதுக்காடு’ எந்த வரைபடத்திலும் அகப்படாது. பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரை எடுங்கள்.

வீட்டுக் கதைக்கும் வருஷத்துக்கும் ஒட்டுகிறதா என்று பார்க்க இரண்டு மூன்று ஆணிகள் உண்டு. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாள் போவதை நிறுத்திவிட்டது, எனவே ‘தாத்தா நாற்பத்தி மூணுல கங்காணியோட முதமுதலா கண்டிக்குப் போனாரு’ என்றால் வருஷம் தப்பு, இல்லையென்றால் போனது தாத்தா இல்லை. தலைமன்னார் கப்பல் 1984இல் நின்றது, அதற்குப் பிறகு ‘ராமேஸ்வரத்துல கப்பல்ல இறங்கினோம்’ என்பதும் தப்பு. அபூர்வமாகப் பெட்டிக்குள் ‘துண்டு’ ஒன்று கிடைக்கும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டு. 1921இல் ஒழித்துவிட்டார்கள். பூட்டன் கடனாளி என்பதற்கு எழுத்துமூல ஆதாரம்தான், இருந்தாலும் ஒளிக்காதீர்கள். 1921க்கு முன்பே அங்கே இருந்தார் என்று அதைவிட உறுதியாக வேறெதுவும் சொல்லாது.

(கூடலூரில் நாலு தலைமுறையாக இருக்கிறவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்த் தேடி ஏமாற வேண்டாம். நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் ஜில்லா என்பது சரி. ஆனால் கூடலூர் 1877 வரை மலபார். பழைய பத்திரம் மலையாளத்தில் இருந்தால் பயப்படாமல் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.)

ஊர் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். கிராமக் கணக்கில் தேதி பசலி என்கிற வருவாய்த்துறை வருஷக் கணக்கில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் ஜூலையில் ஆரம்பிக்கிற வருஷம், அதாவது பசலி 1360 என்றால் 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை. ஊர்க் கணக்கு எழுதின கர்ணம் பதவியை 1980 நவம்பர் 14இல் ஒழித்தார்கள். அதற்கு முந்தினதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் “தாலுகாவுல பாருங்க” என்பார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு.

பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று 1975 முதல் கம்ப்யூட்டரிலேயே வந்துவிடும். அது சர்வே நம்பரை வைத்துத் தேடுவது. தாத்தாவின் சர்வே நம்பர் தெரிந்தால் பேரன் எதற்கு அலையப் போகிறான்? பழைய புத்தகங்களில் ஆள் பெயரை வைத்துத் தேட இன்டெக்ஸ் ஒன்று, சொத்தை வைத்துத் தேட இன்டெக்ஸ் இரண்டு. கேட்க வேண்டியது ஒன்று. அந்த அலுவலகம் புதிதாகப் பிரித்ததாக இருந்தால் பழைய புத்தகம் தாய் அலுவலகத்தில் இருக்கும், அதையும் முன்கூட்டியே விசாரியுங்கள். கிரயப் பத்திரம் கிடைத்தால் ‘முத்துசாமி மகன் கருப்பையா’ என்று இரண்டு தலைமுறைதான் வரும். பாகப்பிரிவினைப் பத்திரம் அகப்பட்டால் அண்ணன், தம்பி, செத்துப்போன சித்தப்பா, அவர் மைனர் மகன், கார்டியன் என்று வம்சமே வரிசையாக நிற்கும். அண்ணன் தம்பி சண்டையைப் போல வம்சாவளி எழுதிவைத்தவர்கள் யாரும் இல்லை.

கடைசியில் ஊருக்கே போக வேண்டும். கையில் நகலும் பையுமாக ஒருத்தன் வந்து “இங்க கருப்பையான்னு ஒருத்தரு...” என்று ஆரம்பித்த உடனே, திண்ணையில் இருப்பவர்கள் காதில் விழுவது ‘பங்கு’ என்ற ஒரே சொல்தான். காபி வராது. அதனால் முதல் வார்த்தையே “நிலத்துக்கு வரலீங்க, குலசாமி எதுன்னு தெரிஞ்சுக்க வந்தேன்” என்பதாக இருக்கட்டும். மாசி சிவராத்திரிக்குப் போனால் இன்னும் நல்லது, பங்காளிகள் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். தலைக்கட்டு வரி எழுதுகிற நோட்டு யாரிடம் என்று பூசாரியைக் கேளுங்கள். பழைய நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிற ஊரானால், பூட்டன் பெயருக்கு நேரே ‘கண்டிச் சீமை’ என்று எழுதியிருக்கலாம். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் ‘பாக்கி’ என்றிருந்தால், பையைத் திறப்பதற்கு முன்னால் பெரியவர்களிடம் எவ்வளவு வட்டி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.