பங்குப் புத்தகத்தில் முடியப்பனைத் தேடி: எட்டாவது மாதம்

எட்டு மாதமாக ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு அலுவலகத்தில், அதாவது எங்கள் கத்தோலிக்கக் கோயில் அலுவலகத்தில், உட்கார்ந்து லத்தீனில் எழுதிய பழைய ஞானஸ்நானப் பதிவுப் புத்தகங்களைப் படித்து வருகிறேன். எங்களுடையது கருமாத்தூர் வட்டாரம். 1970-இல் சேசு சபையினர் (ஜெசுவிட் துறவியர்) தொடங்கிய அருள் ஆனந்தர் கல்லூரி பக்கத்தில்தான். பங்கின் பெயரைச் சொல்லப் போவதில்லை. புத்தகத்தில் இருப்பவர்களின் பேரன் பேத்திகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

முதலில் பங்குத் தந்தையர் வரிசையைத்தான் எழுதினேன். யார் எப்போது வந்தார், எதைக் கட்டினார் என்று இரண்டே வாரத்தில் முடிந்துவிட்டது. திரும்பப் படித்தால், ஊர்ச் சனம் ஒருவர்கூட அதில் இல்லை. மனசு ஒப்பவில்லை. ஞானஸ்நானப் புத்தகங்களைப் பார்க்கலாமா என்று சாமியாரிடம், அதாவது இப்போதைய பங்குத் தந்தையிடம், போய்க் கேட்டேன். "புத்தகம் வெளியே போகக்கூடாது, போட்டோ வேண்டாம், பென்சிலால் எழுதிக்கோங்க" என்றார். மை சிந்தினால் பக்கமே போய்விடும் என்பதால் பேனாவுக்கு அனுமதியில்லை. சரியான ஏற்பாடுதான்.

லத்தீன் என்று பயந்தேன். ஆனால் 1563-இல் திரெந்து சங்கம் என்ற கத்தோலிக்க ஆயர்களின் பொதுக்கூட்டம் ஒவ்வொரு பங்கிலும் இப்படிப் புத்தகம் வைக்கச் சொன்னது. 1614-இல் உரோமைச் சடங்கு நூல் அதற்கு ஒரு வாசகத்தையும் வகுத்துக் கொடுத்தது. அதனால் எல்லாப் பதிவும் ஒரே அச்சுதான். நாத்துஸ் என்றால் பிறந்தவன், ஃபீலியா என்றால் மகள், பாத்ரினுஸ் என்றால் ஞானத்தகப்பன். இருபது சொல் தெரிந்தால் ஓடிவிடும்.

இடறியது எண்ணில்தான். மாதத்தின் இடத்தில் '7பிரிஸ்' என்று இருந்ததை ஜூலை என்று எழுதிக்கொண்டே போனேன். ஜூலையில் பிறந்த குழந்தைகள் அளவுக்கு மீறிப் பெருகவே சந்தேகம் வந்தது. லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு, அது செப்டம்பர். அதே கணக்கில் 8 போட்டால் அக்டோபர். உரோமையரின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் வந்த எண்கள் இவை. நாற்பது பதிவுகளை அழித்துத் திருத்தினேன். எழுதியவர்களில் சிலர் பிரெஞ்சுச் சாமியார்கள். பிரெஞ்சு சேசு சபையினர் 1838-இல் மதுரை மிஷனுக்கு வந்தவர்கள். அவர்கள் கையெழுத்தில் 1-க்கு மேல் நீளமாக ஒரு கோடு இருக்கும், அவசரத்தில் 7 போலத் தெரியும். உண்மையான 7-க்கு நடுவில் குறுக்குக் கோடு உண்டு. அதைப் பிடித்துக்கொண்ட பிறகு வேகம் வந்தது.

அப்புறம் முடியப்பன். எங்கள் தாத்தாவின் பெரியப்பா அவர். கல்லறையில் பெயர் இருக்கிறது, ஞானஸ்நானப் புத்தகத்தில் இல்லை. அதே தாய் தகப்பனுக்கு ஸ்தேஃபானுஸ் என்று ஒரு மகன் இருந்தான். சின்ன வயதில் இறந்த அண்ணன் போல என்று வம்சக் கொடியில் தனிக் கிளை போட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து, கோயிலில் முடியப்பர் (புனித ஸ்தேவான்) சுருபத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஸ்தேஃபானோஸ் என்றால் கிரேக்கத்தில் முடி, கிரீடம். இரண்டு பேரும் ஒரே ஆள்!

அன்றிலிருந்து நோட்டின் பின்பக்கம் பெயர்களுக்கென்றே ஆகிவிட்டது. பவுல் என்றால் லத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பர். யோவான் என்றால் கடவுளின் அருள், ஆகவே அருளப்பர். 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட சேசு சபைச் சாமியார் ஜான் (அதாவது யோவான்) தெ பிரித்தோ அருளானந்தர் ஆனதும் அதே அருளால்தான். மூன்று வருடம் அவர் பெயர் போட்ட கல்லூரி வாசலில் நுழைந்து படித்தவன் நான், இது தெரியாமல்! பேதுரு ராயப்பர், யாக்கோபு யாகப்பர், அலோசியுஸ் ஞானப்பிரகாசியார். சாமியார் லத்தீனில் எழுத, வீட்டில் தமிழில் கூப்பிட்டிருக்கிறார்கள். எவ்வளவு அழகாகப் பெயர்த்திருக்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

இந்த மாதம் ஓரக் குறிப்புகளில் இருக்கிறேன். 1908 ஈஸ்டரிலிருந்து ஒரு சட்டம்: யார் எங்கே கல்யாணம் செய்தாலும், அந்தச் சாமியார் ஞானஸ்நானம் நடந்த பங்குக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அதைப் பழைய பதிவின் ஓரத்தில் குறித்து வைப்பார்கள். அதனால் ஊரைவிட்டுப் போனவர்கள் ஓரத்தில் இருக்கிறார்கள். ஓர் அன்னம்மாளின் பக்கத்தில், வேறு மையில், மூணாறு என்று இருக்கிறது. தேயிலைக்குப் போன குடும்பமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் தெருப் பெரியம்மாவிடம் கேட்க வேண்டும்.

இதுவரை இரண்டு புத்தகம் முடிந்தது. மூன்றாவதில் ராமபாணப் பூச்சி அரித்த பக்கங்கள் நிறைய. ஜன்னலோரம் சாய்ந்த வெயிலில் வைத்தால் மங்கிய எழுத்து கொஞ்சம் எழும்புகிறது, அதனால் மழை நாளில் அதைத் தொடுவதில்லை. மதுரை மிஷனின் பழைய தாள்களுக்காகக் கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூர் சேசு சபை ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நாளைக்குத் தபாலில் சேர்க்க வேண்டும்.