மூச்சு முந்தியது, கால் பிந்தியது

காவலர் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு உடற்தகுதிப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். டிராக்கில் மூன்றே முக்கால் சுற்று. தினமும் ஓடுகிறவனுக்கு அது பெரிய விஷயமே இல்லை.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் அந்தத் ‘தினமும்’ போய்விட்டது. எங்கள் திருச்சியில் காந்தி மார்க்கெட்டின் மொத்த வியாபாரத்தைப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றினார்கள். மைதானத்தில் காய்கறி லாரிகள். பையன்கள் மொட்டை மாடியில். தண்டால் எடுத்து வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவார்கள். கை, மார்பு எல்லாம் அதில் ஓரளவு தங்கியது. கயிறு ஏற்றம்தான் போச்சு. 5 மீட்டர் கயிற்றை வீட்டில் எங்கே கட்டுவது?

அந்த வருடம் டிசம்பர் 13-ல் எழுத்துத் தேர்வு நடந்தது. உடற்தகுதித் தேர்வோ இரண்டாம் அலையில் தள்ளிப்போய், 2021 ஜூலை 26-ல்தான் தொடங்கியது. மே மாதம் முழு ஊரடங்கு. தளர்வுக்கும் தேர்வுக்கும் நடுவே கிடைத்தது சில வாரங்கள்தான்.

எல்லோரும் ‘கொரோனா தொப்பை’ பற்றியே பேசினார்கள். தொப்பை எனக்குத் தலைவலியாக இல்லை. ஓட்டத்தை நிறுத்திய சில வாரங்களிலேயே ரத்தத்தின் நீர் அளவு குறைந்து, இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தமும் குறைந்துவிடும். முதல் சுற்றிலேயே இளைப்பது அதனால்தான். இருபது வயசு உடம்பு அதைச் சீக்கிரம் மீட்டுக்கொள்ளும். சிக்கலே அங்கேதான். மூச்சு வந்துவிட்ட தைரியத்தில் பையன் வேகம் பிடிப்பான். எலும்பும் தசைநாரும் அந்த அடியைத் தாங்கப் பழக இன்னும் பல வாரம் ஆகும். முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பின் ஓரமாக வலி பிடித்துக்கொள்ளும். மைதானத்தில் ‘ஷின் பெயின்’ என்போம். அந்த ஜூலையில் நொண்டாத காலைத் தேட வேண்டியிருந்தது.

மணப்பாறைப் பக்கத்துப் பையன்கள் சிலர் ஊரடங்கு முழுக்க வயல் வேலையில் இருந்தவர்கள். வலு குறையவே இல்லை. ஆனால் அவர்களுக்கும் கால் வலித்தது. மூட்டை தூக்குவதும் ஓடுவதும் வேறு வேறு.

பெண் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். மொட்டை மாடிகூடப் பலருக்கு இல்லை. “வீட்டு வேலைக்குக் குறைச்சலே இல்ல சார், வெளிய ஓடத்தான் விடல” என்றாள் ஒருத்தி.

கொரோனா வந்து போனவர்களை டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னேன். அதில் நான் பிடிவாதம்தான். மற்றவர்களுக்கு ஸ்டாப்வாட்ச்சை ஒளித்து வைத்துவிட்டு, புல்தரையில் மெதுவோட்டமும் குதிகால் உயர்த்தும் பயிற்சியும் கொடுத்தேன். தேதி நெருங்குகிற நேரத்தில் இதைக் கேட்க அவர்களுக்குக் கோபம். “டைம் எடுங்க மாஸ்டர்” என்று தினமும் நச்சரிப்பு. சிலர் நான் போன பிறகு தனியாகத் தார்ச்சாலையில் ஓடிவிட்டு, மறுநாள் காலில் ஐஸ் கட்டியோடு வந்து நின்றார்கள்.